இன்ஜின் உதறினால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விவசாயப் பக்கத்தில் பழைய டிராக்டர் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் இன்ஜின் உதறினால், இடையிடையே அடி தவறி மிஸ் அடித்தால், இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு (அளவைச் சரிபார்க்க) கொடுக்க வேண்டும், அதிலும் சரியாகவில்லை என்றால் சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்துவிட்டு வருத்தப்படுகிறவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து மூன்று சிலிண்டர் டீசல் வண்டி. ஸ்டார்ட் செய்தால் நன்றாகத்தான் ஓடும். உழவில் இறக்கி இருபது நிமிடம் ஆனதும் இழுவை குறையும், அப்புறம் உதற ஆரம்பிக்கும், கடைசியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடும். பட்டறையில் கொடுத்தேன், பம்பைப் பிரித்தார்கள், டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார்கள், வண்டி வீட்டுக்கு வந்தது, அடுத்த நாள் அதே இருபதாவது நிமிடத்தில் அதே இடத்தில் நின்றது. டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம். மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், காற்றுப் போக இருக்கும் சின்ன ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழி இல்லை, அதனால் டேங்க்கே டீசலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டேன், அவ்வளவுதான். பம்பில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

எல்லா உதறலுக்கும் மூடிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. டேங்க்கில் ஆரம்பித்து டீசல் போகிற வழியிலேயே நாமும் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மூடி, டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை, டேப் (டீசலைத் திறந்து மூடும் குழாய்), வண்டல் தங்கும் கண்ணாடிக் கிண்ணம், டேங்க்கில் இருந்து டீசலை உறிஞ்சித் தள்ளும் ஃபீட் பம்ப், ஃபில்டர். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் பட்டறையில் பிரிக்கிற அந்தப் பெரிய பம்ப்பின் பக்கமே போக வேண்டும். கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் பாசி மாதிரி வழவழப்பாக ஏதாவது மிதந்தால் டேங்க்கையே கழுவ வேண்டும். பெரிய பம்ப் ரோட்டரி (சுழலும்) வகையாக உள்ள வண்டிக்காரர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு ஆயில். தண்ணீர் போனால் உள்ளே தேய்ந்துவிடும்.

கட்டுரையில் டீசல் போகிற வழியில் காற்று புகுவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. பழைய டீசல் இன்ஜின் ஏறி இறங்கி ஓடுவதற்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதற்கும் நான் பார்த்தவரை முக்கால்வாசி இதுதான் காரணம். ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் எங்காவது இணைப்பு விட்டுப்போனால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் விட்டுப்போனால் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் இருக்கலாம், ஏனென்றால் அங்கே பம்ப் உறிஞ்சுகிறது, டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. அதனால்தான் எங்கும் ஈரமே இல்லையே என்று பலர் ஏமாறுகிறார்கள். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் அரை அடி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப்பைத் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி போவது நன்றாகத் தெரியும். பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ், இல்லையென்றால் திரும்பத் திரும்ப மாட்டி நசுங்கிப்போன காப்பர் வாஷர். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்து, உள்தோல் மட்டும் உரிந்து வழியை அடைப்பதும் உண்டு. கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிய ஆரம்பித்த வண்டிகளும் இருக்கின்றன, முப்பது நாற்பது வருட சீலை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, டீசல் சுத்தமாக வருகிறது, காற்றும் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் உதறுகிறது என்றால் எந்த சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு 240 டிகிரி சுற்றும்போதும் ஒரு சிலிண்டரில் டீசல் எரிந்து அடிக்கும். 600 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நொடிக்குப் பதினைந்து அடி. அதில் ஒன்று விழவில்லை என்றால் நொடிக்கு ஐந்து இடத்தில் ஓட்டை விழுகிறது, சைலன்சர் பக்கம் நின்று காது கொடுத்தால் நொண்டுகிற மாதிரி ஒரு தாளம் கேட்கும். எது என்று கண்டுபிடிக்க என் அப்பா செய்கிற முறை இது: நன்றாக ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாய்க்கு நேராகவும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். இரண்டு இடத்தில் சட்டென்று காய்ந்துவிடும், ஒரு இடத்தில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

கண்டுபிடித்தவுடன் புது நாசில் வாங்க ஓட வேண்டாம். நாசில் பொருத்தியிருக்கும் அந்த இஞ்செக்டரைக் கழற்றி பக்கத்து சிலிண்டரில் மாட்டி, அங்கே இருந்ததை இங்கே மாட்டிப் பாருங்கள். கோளாறு கூடவே போனால் இஞ்செக்டர், அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அல்லது பம்ப்பின் அந்த லைன். கழற்றும்போது அடியில் உள்ள காப்பர் வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதைக் கவனிக்காமல் இன்னொரு வாஷரைப் போட்டால் நாசில் முனை போக வேண்டிய ஆழத்துக்குப் போகாது, ஸ்பிரே தப்பான இடத்தில் விழும். கம்ப்ரஷன் குறைவு என்று தெரிந்தாலும் நேராக ஹெட்டுக்குப் போகாமல் டேப்பெட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, பார்க்க வேண்டும். வால்வும் சீட்டும் தேயத் தேய அந்த இடைவெளி இறுகிக்கொண்டே வரும், வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் அதன் வழியாகவே போய்விடும். பல பழைய இன்ஜின்களில் அது 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர்தான், உங்கள் வண்டிக்கு எவ்வளவு, சூட்டில் பார்க்கணுமா ஆறிய பிறகா என்பது மேனுவலில் இருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று போதும்.

புகையும் பேசும். கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆறின இன்ஜினில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றால் கவலை இல்லை, சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அப்போது ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் மேல் சந்தேகப்படலாம். தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள், இன்ஜின் அதையே உறிஞ்சி எரித்து கட்டுக்கு அடங்காமல் ஓட ஆரம்பித்தால் டீசலை நிறுத்தினாலும் நிற்காது.

பெட்ரோல் இன்ஜின் போட்ட பழைய வண்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று மட்டும். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் மாதிரி வண்டிகளில் சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-2-4-3. வழக்கமான 1-3-4-2 என்று நினைத்து பிளக் ஒயரை மாற்றி மாட்டிவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒயரையும் பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளியையும் பார்த்த பிறகு கார்புரேட்டரைத் தொடுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுத இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு, அது கட்டுரையில் இருந்த ஒரு வரி. இன்ஜின் ஓடும்போது இஞ்செக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, டீசல் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். ஐயா, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யக் கூடாது. காரின் டயரில் இருப்பது இரண்டு பார் (அழுத்தத்தின் அளவு) சொச்சம் காற்று. பழைய டீசல் இன்ஜினின் இஞ்செக்டர் திறப்பதற்கே 150 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்த வேகத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காது, சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ஆபரேஷன் வரை போகும், விரலே போகவும் வாய்ப்பு உண்டு. யாருக்காவது இப்படி ஆகிவிட்டால் வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்திப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றி, அரைச் சுற்று மட்டும், ஸ்பேனரின் மறுமுனையில் கையை வைத்துக்கொண்டு செய்யுங்கள். எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் வைத்த புது வண்டியில் அதுவும் கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

அடுத்த இதழிலேயே அந்த ஒரு வரியைத் திருத்திப் போட வேண்டுகிறேன். மற்றதெல்லாம் இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் வைத்திருக்கும் ஒரு வாசகன்