இருதய மாற்று நிபுணராகும் நெடும்பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும், உயிரியல் பிரிவில் முன்னிலை பெற்ற மாணவர் ஒருவராவது இருதய சத்திரசிகிச்சை நிபுணராவதே தமது இலட்சியம் என்று பேட்டியளிப்பதை நம் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். நல்ல இலட்சியந்தான். ஆயினும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளிக்கு அப்பால் கிடக்கும் பாதையின் நீளத்தை அந்தப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

மனிதர் ஒருவரின் இருதயத்தை இன்னொரு மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியவர் கிறிஸ்டியான் பார்னார்ட் என்பதும், அது 1967 டிசெம்பர் 3 ஆம் திகதி கேப் டவுனில் நிகழ்ந்தது என்பதும் பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும் எவருக்கும் தெரியும். அவர் அதற்கு முன்னர் மினசோட்டாவில் திறந்த இருதய சத்திரசிகிச்சை பயின்றதும், நாய்களில் பல தடவை பழகியதும், உடல் அந்நிய உறுப்பை நிராகரிப்பதைக் கையாளும் முறையை அறிவதற்கென்றே சிறுநீரக மாற்றைக் கற்று, அதே ஆண்டில் ஒன்றைச் செய்து பார்த்ததும் வினாத்தாளில் வருவதில்லை.

அவர் கையாண்ட முறையும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் நோர்மன் ஷம்வே, ரிச்சர்ட் லோவர் ஆகியோர் நாய்களில் வகுத்ததே. நோயாளியின் இருதயத்தின் மேலறைகளான சோணையறைகளின் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டால், நான்கு சுவாசப்பை நாளங்களையும் இரு பெருநாளங்களையும் தனித்தனியே தைக்க வேண்டியதில்லை. இரண்டு சோணையறைகள், தொகுதிப் பெருநாடி, சுவாசப்பை நாடி என நான்கே தையல் வரிகளில் புதிய இருதயம் பொருந்திவிடும். (உயர்தர மாணவர்கள் தம் பாடப்புத்தகப் படத்தை வைத்தே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.)

பார்னார்டின் முதல் நோயாளி 18 நாட்களில் நிமோனியாவால் இறந்தார். 1968 இல் போட்டி போட்டுக்கொண்டு இறங்கிய வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் கைவிட்டன. அந்த நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பயன்பாட்டுக்கு வரும்வரை விடாமல் உழைத்தவர் ஷம்வே. என்னைக் கேட்டால், நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டியவர் அவரே.

இலங்கையின் முதலாவது இருதய மாற்று 2017 இல் கண்டி போதனா வைத்தியசாலையில் நடைபெற்றது. அத்தகைய குழுவில் இடம்பெற, மருத்துவபீடத்தில் ஐந்தாண்டும் உள்ளகப் பயிற்சியில் ஓராண்டும் கழிந்தபின், பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைகளையும் வெளிநாட்டுப் பயிற்சியையும் கடக்க வேண்டும். அத்தனையும் முடிந்தாலும், மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் துயரத்தின் நடுவே சம்மதித்தாலன்றி அந்தக் கைகளுக்கு வேலையில்லை. எடுத்த இருதயத்தைப் பொருத்துவதற்குக் கிடைப்பதும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலமே.

ஆகவே, அடுத்த பெறுபேற்றுக் காலத்தில் மாணவர் பேட்டிகளுக்கு அருகிலேயே, பணியிலுள்ள இருதய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் விரிவான நேர்காணலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதன்முறையாகத் தாமே பொறுப்பேற்று ஒரு நோயாளியின் நெஞ்சைத் திறந்தபோது அவருக்கு என்ன வயது என்பதையும் மறவாமல் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.