இசக்கிக்கு: உன் பேரனின் முற்றுப்புள்ளி பற்றி

அம்பாசமுத்திரம்,
ஆனி மாதம்

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதம் வந்தது. பேரனின் இங்கிலீஷ் நோட்டிலிருந்து நீ பிரதி எடுத்து அனுப்பிய பக்கங்களும் கூடவே வந்தன. போனில் பேசினால் "குக்கர் சத்தம் போடுது, வைக்கட்டா" என்று பாதியில் வைத்துவிடுவாய். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் கடிதம்தான் சரி.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. பொதிகை மலை மேகத்துக்குள் போய்விட்டது. துவைத்த துணி காய்வேனா என்கிறது. கார் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தம்பி தினமும் புலம்புகிறான். நெல்லையப்பர் கோயில் தேருக்கு இந்த வருஷமும் போகவில்லை. முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வருவதால் பொழுது போகிறது. பள்ளிக்கூடம் திறந்தாச்சே, திண்ணை நிறைய செருப்புதான்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எழுத்துப்பிழையும் அதிகமில்லை. ஆனால் முதல் பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் அடுத்த பக்கம் போன பிறகுதான் மூச்சு விடுகிறது. "ஐ வோக் அப் ஐ பிரஷ்டு மை டீத் ஐ டுக் எ பாத் அம்மா கேவ் மீ உப்புமா ஐ வென்ட் டு ஸ்கூல்." ஓரத்தில் சிவப்பு மையில், கவனம் போதாது என்று அவன் டீச்சர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இசக்கி. வீட்டில் நீ தமிழ்தானே பேசுகிறாய்? அவன் அந்தத் தமிழைத்தான் இங்கிலீஷில் எழுதியிருக்கிறான்.

இதையே நாம் எப்படிச் சொல்வோம்? "எந்திரிச்சு, பல்லு தேச்சு, குளிச்சு, உப்புமா தின்னுட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்." எத்தனை வேலை செய்தாலும் முற்றாக முடிகிற வினை "போனேன்" ஒன்றுதான். மற்றதெல்லாம் எச்சம். தமிழ் எம்.ஏ. படித்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சத்தை எவ்வளவு கோத்தாலும் வாக்கியம் ஒன்றுதான். வினைமுற்று வந்ததும் கேட்கிறவருக்கு முடிந்தது தெரிந்துவிடும். இங்கிலீஷில் "வோக்", "பிரஷ்டு", "டுக்", "வென்ட்" எல்லாமே முற்று. ஒவ்வொன்றும் முன்னால் ஒரு "ஐ" வைத்துக்கொண்டு தனி வாக்கியமாக நிற்கிறது. அது முடிந்த இடத்தைக் கண்ணுக்குக் காட்ட முற்றுப்புள்ளியும், அடுத்தது தொடங்கிய இடத்தைக் காட்டப் பெரிய எழுத்தும் வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால் பிள்ளைகள் இந்த இரண்டாவதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நடுவில் கமா போட்டால் போதாதா என்று அவன் கேட்பான். போதாது. ஒன்று, ஒவ்வொன்றையும் முடித்துப் புள்ளி வைக்கணும். இல்லையென்றால் திரும்பத் திரும்ப வருகிற "ஐ"யை எடுத்துவிட்டு, "ஐ வோக் அப், பிரஷ்டு மை டீத், டுக் எ பாத் ஆண்ட் வென்ட் டு ஸ்கூல்" என்று கடைசி வேலைக்கு முன்னால் "ஆண்ட்" போட்டு ஒரே வாக்கியமாக்கணும். அம்மா உப்புமா கொடுத்தது தனி வாக்கியம். அங்கே எழுவாய் மாறிவிட்டது.

நான் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, எழுவாய்க்கு அடியில் ஒரு கோடும் வினைக்கு அடியில் ரெண்டு கோடும் போடச் சொல்வேன். புதிதாக ஒரு எழுவாயும் வினையும் ஜோடியாக வந்து, நடுவில் "ஆண்ட்", "பட்", "பிகாஸ்" மாதிரி இணைக்கிற சொல் இல்லையென்றால் அங்கே ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். "ஐ நோ ஹி கேம்" போல இதற்கு அடங்காதவையும் உண்டு. அவன் வயசுக்கு அது இப்போது வேண்டாம். ஆனால் "பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்" என்று மட்டும் எழுதிப் புள்ளி வைத்தால் விடாதே. "மழை பெஞ்சதால" என்று நீ சொல்லிவிட்டுச் சும்மா இரு, "ம், அதனால?" என்று அவனே கேட்பான்.

எழுவாய் பயனிலை என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வருகிறது. நம் பாடத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்றாகப் பிரிப்போம். இங்கிலீஷில் முதல் வெட்டு இரண்டாகத்தான் விழும்: சப்ஜெக்ட் ஒரு பக்கம், மீதி அத்தனையும் பிரெடிகேட். வெர்ப், ஆப்ஜெக்ட், எங்கே, எப்போது எல்லாம் அந்த இரண்டாவது துண்டுக்குள் அடக்கம். பயனிலைதானே பிரெடிகேட் என்று நீ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அவன் வினையை மட்டும் அடிக்கோடிட்டுவிட்டு ஆப்ஜெக்டை எங்கே வைப்பது என்று முழிப்பான். இன்னொன்று, நமக்குப் பெயரே பயனிலையாக நிற்கும். "எங்க அம்மா டீச்சர்" என்றால் முடிந்தது. அதனால்தான் "மை மதர் டீச்சர்" என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷில் வினை இல்லாமல் பிரெடிகேட் கிடையாது; ஒரு "இஸ்"ஸாவது வந்து நிற்கணும், "டீச்சரு"க்கு முன்னால் ஒரு "எ"யும் வேணும்.

இதில் பிள்ளைகளுக்குப் பிடித்தது திண்ணை விளையாட்டுதான். சார்ட்டைக் கிழித்து அட்டைகள் செய்து வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகள் "தி டாக்", "சேஸ்டு", "தி கோட்" என்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஓரத்து ரெண்டு பேரையும் இடம் மாறச் சொன்னால் ஆடு நாயை விரட்டுகிறது! திண்ணையே சிரிக்கும். தமிழில் "நாய் ஆட்டை விரட்டுச்சு", "ஆட்டை நாய் விரட்டுச்சு" எப்படிச் சொன்னாலும் விரட்டினது நாய்தான். "ஐ" உருபு ஒட்டியிருப்பதால் சொல் எங்கே போனாலும் அடையாளம் மாறாது. இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. நிற்கிற இடம்தான் அடையாளம். இது மட்டும் மண்டையில் ஏறிவிட்டால் பாதி இலக்கணம் முடிந்த மாதிரி.

கேள்வியும் இந்த இடமாற்றம்தான். நமக்கு "வந்தான்" கடைசியில் ஒரு ஆ போட்டால் "வந்தானா" ஆகிவிடும். அங்கே "யூ ஆர் ரெடி" என்று நிற்கிற பிள்ளைகளில் "ஆர்" அட்டை முன்னால் போகணும், "ஆர் யூ ரெடி". கேள்விக்குறி அட்டை வைத்திருக்கிறவன் கடைசியில் குதித்து நிற்பான். "ஷி கேன் ஸ்விம்", "தே ஹேவ் ஈட்டன்" எல்லாம் இதே வழி. "ஹி லைக்ஸ் மேங்கோஸ்" என்று வந்தால்தான் திண்டாட்டம், முன்னால் அனுப்ப ஆள் இல்லை. அதற்காகவே தூண் ஓரத்தில் ஒருத்தியை "டூ" அட்டையோடு உட்கார்த்தி வைத்திருப்பேன். கூப்பிட்டதும் ஓடி வந்து, "லைக்ஸ்" கையிலிருக்கும் எஸ் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு "டஸ்" ஆகி வரிசைக்கு முன்னால் நிற்பாள். எஸ் ஒன்றுதான் இருக்கிறது, அது இப்போது அவளிடம். அப்புறம் யாராவது "டஸ் ஹி லைக்ஸ்" என்று எழுதினால், "ஏலே, எஸ்ஸை அவ கொண்டு போயிட்டாளே" என்று பக்கத்துப் பிள்ளையே திருத்திவிடும்.

இங்கே நம்ம ஊர்ப் பேச்சும் கை கொடுக்கிறது. "நேத்தே சொன்னேம்லா?" என்கிறோமே, அந்த "லா"வைத்தான் இங்கிலீஷ்காரன் வாலாகப் போடுகிறான்: "ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே, டிடின்ட் ஐ?" நம் "லா" எதற்கும் மாறாது. அவன் வால் வினைக்குத் தக்கபடி மாறும், வாக்கியம் ஆமாம் என்றால் வால் இல்லை என்னும், வாக்கியம் இல்லை என்றால் வால் ஆமாம் என்னும். "ஹி இஸ் கம்மிங், இஸின்ட் ஹி?" "ஷி கான்ட் ஸ்விம், கேன் ஷி?" எல்லாவற்றுக்கும் "இஸின்ட் இட்" போடுகிற வழக்கம் நம் ஆட்களுக்கு இந்த மாறாத "லா"விலிருந்தும் "இல்லையா"விலிருந்தும் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வாக்கிய வகை நாலு, குறி மூன்று. இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் தமிழ்ப் பாடத்தில் செய்தித் தொடர், வினாத் தொடர், விழைவுத் தொடர், உணர்ச்சித் தொடர் என்று வருவதேதான் அங்கேயும். பேரன் புத்தகத்தில் முதல் வகைக்கு "டிக்ளரேட்டிவ்" என்று போட்டிருக்கிறது. நாம் படித்தது "அசெர்டிவ்". ரெண்டும் ஒன்றே, அவனைக் குழப்பாதே. கட்டளைக்குத் தனிக் குறி கிடையாது. "ஷட் தி டோர்" என்பதற்கு முற்றுப்புள்ளியே போதும். கத்திச் சொன்னால்தான் ஆச்சரியக்குறி. எழுவாய் எங்கே என்று கேட்டு மடக்குவான். சொல்லாமல் நிற்கிற "யூ"தான் எழுவாய். நாம் "வா" என்று சொல்லும்போது "நீ" எங்கே இருக்கிறது?

உணர்ச்சி வாக்கியத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கும். "ஹவ் பிக் இஸ் தி டேம்?" என்றால் அளவு கேட்கிறான். "ஹவ் பிக் தி டேம் இஸ்!" என்றால் வாயைப் பிளக்கிறான். சொற்கள் அதேதான், "இஸ்" நிற்கிற இடம்தான் வேறு. "ஹவ்", "வாட்" என்று பார்த்தவுடன் கேள்விக்குறியை நட்டுவிடக் கூடாது. அதேபோல "ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ லிவ்டு" என்பதில் "வேர்" இருந்தாலும் முற்றுப்புள்ளிதான். கேட்டான் என்ற செய்தியைச் சொல்கிறோம், நாம் கேட்கவில்லை. குறியைப் பார்த்து வகை சொல்லும் பயிற்சியை மட்டும் கொடுக்கிறார்கள். குறியே இல்லாத வாக்கியத்தைக் கொடுத்து, வரிசையைப் பார்த்துக் குறி போடச் சொல்லணும். என் கட்சி அதுதான். போனில் மூன்று ஆச்சரியக்குறி போடுகிற பழக்கத்தையும் நோட்டுக்குள் விடாதே, ஒன்று போதும்.

குறி தெரியாத பிள்ளையை மக்கு என்று திட்டுவதும் எனக்கு ஒப்பாது. நம்ம ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். வாக்கியத்துக்கு எங்கே வைப்பது? இந்தக் குறிகளெல்லாம் ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தவை. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகப் பரப்பியவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள். அவரே 19-ஆம் நூற்றாண்டுக்காரர். நம்ம இடையன்குடியில் காலமெல்லாம் இருந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், என் "டூ" அட்டைக்காரியைக் கண்டிப்பாக ரசிப்பார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம், அங்கே படித்த நீயும் நானும் இதுகூடப் பேசவில்லையென்றால் எப்படி?

தங்கச்சி மகளுக்குச் செங்கோட்டைப் பக்கம் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவானால் தந்தி மாதிரி சுருக்கமாக எழுதுகிறேன், நீ குடும்பத்தோடு வந்து சேர். பேரனை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பினால் அட்டை பிடிக்க ஆள் ஆச்சு.

அதுவரைக்கும் அவனுக்கு ஒரு வேலை. குறி எதுவும் இல்லாமல் எழுதுகிறேன், இங்கிலீஷ் எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுத்துவிடு. "வாட் எ பிக் டேம் திஸ் இஸ்". "வேர் டஸ் தி தாமிரபரணி மீட் தி ஸீ". "மை கிராண்ட்மதர் ஆஸ்க்டு மீ வென் தி டிரெயின் வுட் கம்". "ப்ளீஸ் க்ளோஸ் தி கேட்". "தி ரிவர் ஸ்டார்ட்ஸ் இன் தி ஹில்ஸ் இட் நெவர் லீவ்ஸ் தமிழ்நாடு". மேற்கோள் குறிக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் புள்ளிகளைப் பார்த்துக் காப்பியடிக்க விடாதே, அவை தமிழ் வாக்கியத்துக்கு உள்ளவை. மூன்றாவதில் கேள்விக்குறி போடுவான், பார். கடைசியில் இரண்டு புள்ளி வேணும் என்று கண்டுபிடித்துவிட்டால், ஏளா, என் கணக்கில் அவனுக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடு. பின்னே, விடைத்தாளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கோமதி