வளைகாப்பு முடிந்து முகாம் மாறும் கர்ப்பிணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகாவதி அணை, தும்பலஅள்ளி, பாம்பாறு அணை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல, ஊரை விட்டு ஒதுங்கி அணை ஓரங்களில் இருக்கின்றன. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது; குடும்பத் தலைவருக்கு அரசு தரும் மாதப் பணக்கொடையும் 1,500 ரூபாயானது. நல்லதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணின் சிக்கல் மட்டும் அப்படியே கிடக்கிறது.

அந்தத் தாய்வீடு பல சமயம் வேறு மாவட்டத்து முகாம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் கிளம்புகிறார். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 28-ஆம் வாரம். இரண்டும் சரியாகப் பயண நேரத்தில் வந்து விழுகின்றன. 'போகிற இடத்தில் பார்ப்பார்கள்' என்று இங்குள்ள செவிலியர் விட, 'முன்பே முடித்திருப்பார்கள்' என்று அங்குள்ளவர் நினைக்க, இரண்டும் கைவிட்டுப் போகின்றன. ரத்த அழுத்தம் ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். 140/90 தொட்டால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால், வலிப்புக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

கர்ப்பிணியைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண் தமிழகம் முழுக்க ஒன்றே. புதிதாகப் பதியத் தேவையில்லை. கிளம்பும் முன் தாய் சேய் நல அட்டையில் ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், அழுத்தம் மூன்றையும் எழுதி வாங்கி, ஒரு மாத இரும்புச்சத்து மாத்திரையும் கையில் கொடுத்தனுப்பினால் போதும். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்கக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் என்றாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே இருந்தால், பிரசவத்தில் மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கே இவர் உயிரைப் பறிக்கும். அவரை ரத்த வங்கி உள்ள சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஆண்கள் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போய்விடுவதால், இரவில் 108-ஐ அழைத்து உடன் போகும் ஆள் யார் என்பதையும் அட்டையில் குறிக்கலாம்.

இன்னொரு தடை, வருவாய்த் துறையினர் ஆள் கணக்கெடுக்கும் முகாம் 'செக்கிங்'. ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுவிடுமோ என்ற பயத்தில் பச்சை உடம்போடு திரும்பி வருகிறார்கள். வலிப்பும் கிருமித்தொற்றும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் என்பதால் 42 நாள் கண்காணிப்பு கட்டாயம். நெகட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஆன்டி-டி ஊசியும் உண்டு.

ஆகவே வருவாய்த் துறை, ஏழாம் மாதம் முதல் பிரசவமான 42-ஆம் நாள் வரை வேறு முகாமில் தங்க ஒரே அனுமதிக் கடிதமாகத் தர வேண்டும். அதன் நகல் இரண்டு முகாம்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போனால், யார் எங்கே இருக்கிறார் என்று செவிலியர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.

— ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.