ஈரத்துணியும் இரண்டு துறைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. திறந்தவெளியில் உழைப்பவர்களின் உடம்பை வெப்பம் என்ன செய்கிறது என்பதுதான் என் தலைப்பு. தொடக்கத்தில் இயற்பியல் துறைக்குப் போனேன், “இது மருத்துவம்” என்றார்கள். மருத்துவத்துக்குப் போனால், “இது வானிலை” என்றார்கள். நெறியாளர் கிடைப்பதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

என் முக்கியக் கருவி, ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி. துணியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக வெப்பமானி காட்டும் அளவு இறங்கும். அந்த அளவைத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். நம் உடம்பில் வியர்வை பார்ப்பதும் இதே வேலைதான். காற்றில் ஈரம் கூடினால் ஆவியாவது குறையும், இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறும். அது 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிழலில் சும்மா இருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று 2010இல் காலநிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்புறம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக உடலியல் ஆய்வாளர்கள், ஆரோக்கியமான இளைஞர்களை வெப்ப அறைக்குள் லேசான வேலை செய்யவைத்துப் பார்த்தார்கள். ஈரப்பதமான சூழலில் ஈரக்குமிழ் வெப்பநிலை 31 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போதே உடம்பு திணறத் தொடங்கிவிடுகிறது என்று 2022இல் எழுதினார்கள். கணக்கில் இருந்த எல்லைக்கும் உடம்பின் எல்லைக்கும் நடுவே 4 டிகிரி! முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. இரண்டு துறைகளும் ஒரே கேள்வியைத் தொட்டதால்தான் இது தெரியவந்தது.

களத்தில் சுமை தூக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “பகல் சூட்டைச் சமாளிச்சுடலாம்மா. ராத்திரி தூங்க முடியலேன்னாதான் மறுநாள் உடம்பு கேக்காது.” பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் கூரை இரவு முழுக்க அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். என் படிவத்தில் இரவுக்குக் கட்டமே இல்லை. அன்றுதான் சேர்த்தேன். கட்டடக்கலை படித்தவர் ஒருவர் கூட இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். சரி, வேலை நேரத்தை அதிகாலைக்கு மாற்றலாம் என்று எழுதப் போனால், குறையும் கூலிக்கு யார் பொறுப்பு? அதற்குத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவர் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் ஓர் ஆய்வேட்டுக்கு இரு துறை நெறியாளர்களைத் தயங்காமல் அனுமதிக்கட்டும். மதிப்பிடுபவர்களையும் இரு பக்கத்திலிருந்தும் நியமிக்கட்டும். இல்லாவிட்டால் எனக்கு அடுத்து வருபவரும் இதே படிகளைத்தான் ஏறி இறங்குவார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெப்ப அலைச் செய்திகளில் அதிகபட்ச வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பதத்தையும், முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி