காயத்ரிக்கு, ஜம்ஷெட்பூரிலிருந்து

அன்புள்ள காயத்ரிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் ஜூப்ளி பார்க் வரை நடந்து போய் வருகிறாள்.

புதுத் தொழிற்சாலை ஒன்றுக்குக் குடியிருப்பு வரைகிற பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று கேட்டதில் எனக்கு ரொம்பப் பெருமை. "நம்ம ஊரை எப்படிப்பா யோசிச்சுக் கட்டினாங்க?" என்று கேட்டாய் அல்லவா. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள். டாடா இரும்பாலையைக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாடா இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் 1904 மே மாதம் ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் இறந்துபோனார். சாக்சி என்கிற இந்த இடம் கண்ணில் பட்டது 1907 கடைசியில்தான். ஆனால் 1902-லேயே, இரும்பு எங்கே கிடைக்கும், ஆலை எங்கே வரும் என்று எதுவும் முடிவாகாதபோதே, வெளிநாட்டிலிருந்து மகன் தோராபுக்கு ஊரைப் பற்றி எழுதிவிட்டார். அகலமான தெருக்கள் போடு, நிழல் தரும் மரங்கள் நடு, அதில் ஒன்று விட்டு ஒன்று சீக்கிரம் வளரும் ஜாதியாக இருக்கட்டும். புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் தாராளமாக இடம் விடு. கால்பந்து, ஹாக்கி ஆடவும் பூங்காக்களுக்கும் பெரிய நிலப்பரப்பை ஒதுக்கு. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வை. மார்ச் 3 நிறுவனர் தினத்தில் ஊரெல்லாம் எழுதி வைக்கிறார்களே, அதே கடிதம்தான்.

சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நமக்கு அது பழகிப்போய்விட்டது. இப்போது உன் தொழிலின் கண்ணோடு இன்னொரு முறை படி. 'ஒன்று விட்டு ஒன்று' என்கிற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வெறுமனே மரம் நடு என்று யாரும் சொல்லலாம். இந்த மனுஷர், வேலைக்கு முதலில் வந்து சேருகிறவன் தலையில் வெயில் அடிக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறார். அவனுக்கு நாலைந்து வருஷத்தில் நிழல் வேண்டும். அவன் பேரப்பிள்ளைக்கு நின்று நிலைக்கிற மரம் வேண்டும். ஒரே வரிசையில் இரண்டு தலைமுறைக்கும் கணக்குப் போட்டிருக்கிறார். நீ வரைவதிலும் அந்தக் கணக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த யோசனை அவருக்குத் திடீரென்று வந்ததும் இல்லை. 1877-ல் நாக்பூரில் தொடங்கிய எம்ப்ரஸ் மில் என்கிற பஞ்சாலையிலேயே, பஞ்சுத் தூசியிலும் வெக்கையிலும் நிற்கிற ஆட்களுக்காகக் காற்றில் ஈரப்பதம் கூட்டும் கருவிகள் வைத்தவர் அவர். பின்னால் அங்கேயே ஓய்வூதிய நிதியும் விபத்து இழப்பீடும் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, இடம் தேடின கதைக்கு வருகிறேன். தோராபும் அமெரிக்கர் சி.எம். வெல்டும் மத்திய மாகாணத்தில் அலைந்தார்கள். தல்லி ராஜ்ஹராவில் அருமையான இரும்புத்தாது கிடைத்தது, ஆனால் பக்கத்தில் போதுமான தண்ணீர் இல்லை, நிலக்கரியும் தூரம். அப்புறம் புவியியலாளர் பி.என். போஸ், மயூர்பஞ்ச் மலைகளில் நல்ல தாது இருக்கிறது என்று எழுதிய கடிதம்தான் திசையை மாற்றியது. வெல்டும் ஸ்ரீனிவாச ராவ் என்பவரும் சுவர்ணரேகாவும் கர்காயும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்சியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆறு, எட்டும் தூரத்தில் காளிமாட்டி ரயில் நிலையம். பணத்துக்கு லண்டனில் முயன்று பலிக்காமல், சுதேசி வேகத்தில் இருந்த நம் மக்களிடமே கேட்டார்கள். மூன்று வாரத்தில் எட்டாயிரம் பேர் பங்கு வாங்கி முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. இவர்கள் தண்டவாளம் செய்தால் ஒவ்வொரு பவுண்டையும் நான் தின்கிறேன் என்று சொன்ன ரயில்வே அதிகாரி அப்காட் கதை உனக்குத் தெரியும். 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வந்தது. முதல் உலகப்போரில் அந்தத் தண்டவாளங்கள் மெசபடோமியா வரை போயின. அதற்கு நன்றி சொல்லத்தான் 1919 ஜனவரியில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு வந்து, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்.

இனி உனக்கு நேரடியாக உதவுகிற பகுதி. முதல் வரைபடத்தைப் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜூலியன் கென்னடி நிறுவனத்தார் போட்டார்கள். அமெரிக்க முறையில் நேர்க்கோட்டுத் தெருக்கள். அது ஒரு சின்ன ஊருக்கான வரைபடம். 1911-ல் இங்கே ஐயாயிரத்துச் சொச்சம் பேர், 1921 கணக்கெடுப்பில் 57,000-க்கும் மேல். பத்தே வருஷம்! எந்த வரைபடமும் அதற்கு ஈடுகொடுக்காது. அப்போதுதான் எஃப்.சி. டெம்பிளைக் கூப்பிட்டார்கள். அவர் அடிப்படையில் சுகாதாரப் பொறியாளர், அதனால் நிலத்தை மழைநீரின் கண்ணால் பார்த்தார். மேட்டில் வீடு, சரிவை ஒட்டிச் சாலை, தண்ணீர் ஓடும் பள்ளத்தைத் தொடாமல் திறந்தவெளியாக விட்டுவிடுவது என்று அமைத்தார். நம் பழைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்ததே, வருஷம் முழுக்க நீங்கள் ஆடுவீர்கள், ஆடி ஆவணியில் முழங்கால் அளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும், உன் ரப்பர் செருப்பு ஒன்று அதில் போயிற்று. அந்த மாதிரிப் பள்ளங்களில் கட்டடம் கட்டியிருந்தால் அத்தனை தண்ணீரும் வீட்டுக்குள் வந்திருக்கும். தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க, குழாய் எங்கே கசிகிறது என்று தேடி ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நான் டெம்பிளை நினைத்துக்கொள்வேன். ஊரின் சரிவு தெரிந்தவன் போட்ட கோடு அது. அவருக்குப் பின்னால் ஊரைத் திட்டமிட ஸ்டோக்ஸ் வந்தார், 1940-களில் ஜெர்மன்காரரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் வந்தார். கோனிக்ஸ்பெர்கர் ஏற்கெனவே மைசூர் அரசில் வேலை பார்த்தவர். பேட்டைக்குப் பேட்டை பள்ளி, கடை, மைதானம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். அவர் வரைபடங்களை நீ தேடிப் படி. அதில் உனக்கு நிறைய இருக்கிறது.

எட்டு மணி நேர வேலை 1912-லேயே, இலவச மருத்துவம் 1915-ல், சம்பளத்தோடு விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் 1920-ல், பேறுகால உதவி 1928-ல். இந்தப் பட்டியலை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அதே 1920-லும் 1922-லும் 1928-லும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுபாஷ் சந்திர போஸ் இங்கே தொழிற்சங்கத் தலைவராக இருந்தார். காந்தி 1925-ல் வந்தார். முதலாளியின் நல்ல மனசும் தொழிலாளியின் பிடிவாதமும் இரண்டும் சேர்ந்துதான் இந்த ஊர். ஒன்றை மட்டும் சிலையாக வைத்தால் சரித்திரம் பாதிதான். 1924-ல் ஆலை மூழ்கப்போன நேரத்தில் தோராப், மனைவியின் நகைகள் உட்படத் தன் சொந்தச் சொத்தையே அடகு வைத்துக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தார். தன் அப்பா ஜாம்ஷெட்ஜி எழுதிய கடிதத்தை அந்த மகன் எவ்வளவு மதித்தார் என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது, அதை உன்னிடம் சொல்லாமல் விடமாட்டேன். இது யாரும் இல்லாத பொட்டல் காடு என்று சொல்வார்கள். அப்படி இல்லை. சாக்சி ஒரு கிராமத்தின் பெயர். இங்கே சந்தால், ஹோ, பூமிஜ் மக்கள் வயல் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆலை வந்ததும் அவர்களில் பலர் தங்கள் நிலத்திலேயே கூலிகளாக மண் சுமந்தார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவனுக்கு வீடு வரைந்தார்கள். பெயர் இல்லாமல் வந்தவர்கள், காய்கறி விற்றவர்கள், ரிக்ஷா மிதித்தவர்கள், ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கியவர்கள், இவர்களெல்லாம் ஓரங்களில் பஸ்தி, அதாவது குடிசைகள், போட்டுக்கொண்டார்கள். அதிகாரி வீட்டில் சமைக்க வந்த பெண்ணுக்கு அந்த வரைபடத்தில் ஓர் அறைகூட இல்லை. அகலத் தெருவும் புல்வெளியும் எழுதிய பெரியவர் உயிரோடு இருந்திருந்தால் இதையும் கேட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அது என் நம்பிக்கைதான். உன் ஊருக்குக் கேட்க வேண்டியவள் நீ.

அதனால், கம்பெனி உன்னிடம் கொடுத்திருக்கும் ஊழியர் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒரு வீட்டில் வேலைக்கு ஒருவர் வந்தால், அந்த வீட்டுக்குப் பால் போட, துணி தேய்க்க, குப்பை எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட எத்தனை பேர் வருவார்கள் என்று கூட்டிப் பார். அவர்கள் எங்கே தூங்குவார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேள். பட்ஜெட் இல்லை என்பார்கள். வீடு கட்ட முடியாவிட்டாலும் நிலத்தையாவது ஒதுக்கி, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இப்போதே போட்டு வைக்கச் சொல். ஆட்கள் வந்து குடியேறிய பிறகு அந்தச் சந்துகளுக்குள் குழாய் கொண்டுபோவது எவ்வளவு பாடு, எவ்வளவு செலவு என்று வேலைக்காலமெல்லாம் பார்த்தவன் நான்.

வரைபடத்தின் முதல் நகல் தயாரானதும் எனக்கு அனுப்பு. வடிகாலும் தண்ணீர்த் தொட்டியும் காட்டுகிற தாளையும், நிலத்தின் ஏற்ற இறக்கம் குறித்த தாளையும் சேர்த்து அனுப்பு. பெரிய காகிதத்தில் அச்சடித்துக் கொரியரில் போட்டால் நல்லது, போன் திரையில் எனக்குச் சரியாகத் தெரியாது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா