வேவ் பாறைக்குப் போகுமுன்

அன்புள்ள செல்வம்,

அமெரிக்காவின் அரிசோனாவில் அலைபோல் வளைந்த வரிப்பாறையான ‘தி வேவ்’வுக்குப் போகும் அனுமதிக் குலுக்கலில் உன் பெயர் விழுந்த சேதி படித்து அவ்வளவு சந்தோஷம். ஒரு நாளைக்கு 64 பேரைத்தான் விடுகிறார்கள். வருடக்கணக்கில் போட்டும் கிடைக்காதவர்கள் உண்டு.

கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு முதலில் கால் வைக்கும் இடத்தைப் பார். அந்தப் பாறை நவாஹோ மணற்கல் என்ற வகை. வரிகளில் கெட்டியானவை மட்டும் அரிபடாமல் மெல்லிய விளிம்பாகத் துருத்தி நிற்கும். பூட்ஸ் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும், திரும்ப வராது. படத்தின் முன்பக்கத்துக்கு அழகே அந்த விளிம்புதான், அதை எடுக்கப் போய்த்தான் அதன்மேலேயே ஏறுகிறார்கள். வழவழப்பான பள்ளத்தில் நில். கேமரா முக்காலியின் இரும்பு முனைகளைக் கழற்றி ரப்பர் மாட்டிக்கொள். முந்தின நாள் மழை என்றால் இன்னும் ஜாக்கிரதை, ஈரத்தில் மணற்கல் வலுவிழந்துவிடும். வழியில் கருப்பாய், பொருக்குத் தட்டியதுபோல் இருக்கும் மண்ணையும் மிதிக்காதே. நுண்ணுயிர்கள் கட்டிய தோல் அது; தேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

விடியல் வெளிச்சம் இங்கே உதவாது, பள்ளம் முழுக்க நிழல். நவம்பரில் 11 மணியிலிருந்து 1 வரை எடு. லென்ஸ் 16 மி.மீ., துளை எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. விளிம்பு மிக அருகில் இருந்தால் கிட்ட, நடுவில், தூரத்தில் என ஃபோகஸ் மாற்றி மூன்று எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள். துளையை இன்னும் சிறிதாக்கி எஃப் 22க்குப் போனால் படம் முழுக்க மழுங்கும். இவ்வளவு அகல லென்ஸில் போலரைசர் (வானத்தைக் கறுக்கவைக்கும் ஃபில்டர்) வேண்டாம், வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போகும். காற்றில் மணல் பறக்கும்போது லென்ஸ் மாற்றாதே.

படம் எடுக்கும்போது பெரும்பாலோர் சறுக்குவது சிவப்பு நிறத்தில். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் மொத்த வெளிச்சத்தின் வெள்ளை வரைபடம் ஒழுங்காகத் தெரியும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்து எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறை. சிவப்பு அப்படி அளவு மீறிவிட்டால் அந்த மெல்லிய வரிகள் ஒரே பூச்சாகிவிடும், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலும் முழுசாக மீளாது.

வீட்டுக்கு வந்து கணினியில் திருத்தும்போது ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறச் சமன்) 5200 கெல்வினில் தொடங்கு. ஆட்டோவில் விட்டால் பாறையின் செம்மையைக் குளிர்த்திவிடும். நிற அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடவே தொடாதே. ஆரஞ்சின் லூமினன்ஸை (பிரகாசத்தை) 10 போலக் குறைத்தாலே நிறம் தானாக ஆழமாகும். வரிகளை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டி 15ஐத் தாண்டினால் வானத்தை ஒட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கில் மாஸ்க் (மறைப்பு) போட்டு வானத்தை விலக்கு. திருத்துவது நிறப்படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் இருக்கட்டும். இணையத்துக்கான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுமுன் சாஃப்ட் ப்ரூஃப் (மாற்றினால் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டம்) பார், சிவப்பு அங்கே மறுபடி வெட்டுப்படும்.

வந்ததும் திருத்தாத ரா ஒன்றும், நீ முடித்த படமும் சேர்த்து அனுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி