வெள்ளிக்கட்டிக்கு கேஸ், செத்தவங்களுக்கு ஒரு கல்வெட்டு கூட இல்லையா?

ஐயா, திலாவா கப்பல் பத்தி ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப, 1942 நவம்பர் 23 அன்னிக்கு, பம்பாய்ல இருந்து ஆப்பிரிக்கா போன அந்த கப்பலை ஜப்பான் நீர்மூழ்கி ஐ-29 அடிச்சு 280 பேர் செத்தாங்க. முதல் டார்ப்பிடோ (தண்ணிக்குள்ள பாயற குண்டு) அடிச்சதுக்கு அப்புறம் கப்பல் மிதக்குதேன்னு சில பேர் திரும்ப ஏறினாங்க, ரெண்டாவது டார்ப்பிடோ அப்பதான் வந்துச்சு, கொடுமை. 2017ல அதுல இருந்த வெள்ளிக்கட்டிங்களை எடுத்து, எடுத்ததுக்கு தென்னாப்பிரிக்கா அரசு கூலி தரணுமான்னு லண்டன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போய் 2024ல தீர்ப்பு வந்துச்சு, செத்தவங்களுக்காக யார் கோர்ட்டுக்கு போனா சொல்லுங்க?

நான் சென்னை துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், பழைய கப்பல்ல இன்ஜின் ரூமுக்கு இறங்கியிருக்கேன், ஒரு ஆள் மட்டும் போற இரும்பு ஏணி, கைப்பிடி கூட சுடும், கீழ இருக்கறவன் தண்ணி புகுந்தா எப்படி மேல வருவான். அந்த போர்ல இந்த மாதிரி கப்பல்ல அடியில நின்னு வேலை பாத்தவங்கள்ல நெறைய பேர் நம்ம நாட்டு ஆளுங்கதான். 1914ல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மேல குண்டு போட்டதுக்கு ஹைகோர்ட் சுவர்ல கல்வெட்டு இருக்கு, நல்லது, ஆனா அடிச்சவன் பேருக்கு இருக்கற இடம் கடல்ல போனவனுக்கு வேணாமா? அந்த போர்ல செத்த மாலுமிங்களுக்காக மும்பைல இருக்கற நினைவகத்தோட பட்டியல்ல உள்ள பேர்ல நம்ம பக்கத்து ஆளுங்களை தேடி எடுத்து, ஏப்ரல் 5 தேசிய கடல்சார் தினத்துக்குள்ள துறைமுக வாசல்ல தமிழ்ல ஒரு கல்வெட்டு வைக்கலாம்.

- ஒரு வாசகர், ராயபுரம்